மணலில் உட்கார்ந்த பாதிரியார்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற பேருந்தில் அன்று பட்டுப்புடவையும் பூக்கூடையும்தான் அதிகம். முக்கால்வாசிப் பேர் திருக்கடையூர் போகிறவர்கள். என் பக்கத்து இருக்கைக்காரருக்கு மறுநாள் காலை அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளை களையோடு, கொஞ்சம் கூச்சமாக, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுவதும் அவர் மனைவியுடையது.

“தம்பி எங்க இறங்கணும்?”

“தரங்கம்பாடிம்மா.”

“அங்க என்ன விசேஷம்?”

“ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து இறங்கின இடத்தைப் பார்க்கப் போறேன்.”

“எப்ப வந்தாரு?”

“முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

அந்த அம்மாள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு முறுக்கை எடுத்துக் கையில் வைத்தார். பசியில் உளறுகிறேன் என்று நினைத்திருக்கலாம். திருக்கடையூரில் பேருந்து பாதிக்கு மேல் காலியானது. அங்கிருந்து தரங்கம்பாடி ஏழெட்டு கிலோமீட்டர்தான். வண்டி காற்றாடப் போனது.

முதன்மைச் சாலையில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் ஊருக்கு வாசற்கதவு மாதிரி ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. நெற்றியில் டென்மார்க் அரசரின் முத்திரையும் 1792 என்ற ஆண்டும். அதற்குள் நுழைந்ததும் சத்தம் குறைந்துவிடுகிறது. நேராகக் கடல்வரை ஓடும் ராஜ வீதி. இருபுறமும் பழைய வீடுகள், இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். வீதி முடிகிற இடத்தில் ஒரு பக்கம் டேனிஷ்காரர்களின் கோட்டை. எதிரே வங்காள விரிகுடா.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இந்தக் கடற்கரைத் துண்டை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்தார். அப்போது அவர் டென்மார்க் அரசருக்கு எழுதியனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கேட்டு வந்தது மிளகு. அடுத்த 225 ஆண்டுகள் ஊர் அவர்கள் கையில் இருந்தது; 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இந்தக் கணக்கையெல்லாம் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் ஒழுங்காகச் சொல்கிறது. நான் வந்தது அந்த 225 ஆண்டுகளுக்காக அல்ல. அதற்குள் அடங்கிய சில வாரங்களுக்காக: 1706ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். வேற்று நாட்டில் வேதம் சொல்ல வந்த ஒருவன் முதல் நாள் காலையில் எழுந்து என்ன செய்வான்? யாரிடம் பேசுவான், எந்த மொழியில்? பெரிய வரலாறுகள் இந்தக் கேள்வியை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அந்த இரண்டு வரிக்குள் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

*

கடற்கரையில் முதலில் கண்ணில் படுவது மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. கரையோரம் கிடக்கும் கற்களின் மேல் அலை வந்து ஏறி இறங்குகிறது. கோயில் கட்டியவர்கள் கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். கடல்தான் நடந்து வந்திருக்கிறது.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், அந்தக் காலத்தில் கப்பல் எங்கே வந்து நிற்கும் என்று கேட்டேன்.

“கப்பல் இங்க எங்க சார் வரும்? அது தூரத்துல நிக்கும். நம்ம தோணி போய்த்தான் ஆளை இறக்கணும்.”

“இந்த மாசத்துல கடல் எப்படி?”

“காலையில கச்சான் காத்து, கரையிலேருந்து நெருப்பா வீசும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வரும். அது வந்தாத்தான் உசுரு.”

சொல்லிக்கொண்டே அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மணி பத்தரை. உயிர் வர இன்னும் நேரமிருந்தது.

இந்தக் காற்றில்தான், இதே ஜூலையில், ‘சோபியா ஹெட்விக்’ என்ற கப்பலில் வந்த இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் கரையேறினார்கள். பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ. 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் ஏறியவர்கள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே இறங்கியபோது ஏழு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. அவர்கள் இறங்கிய இடம் என்று கடற்கரைக்கு அருகே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சீகன்பால்கு 1682 ஜூலை 10இல் பிறந்தவர். ஆக, இந்த மண்ணில் அவர் கண்விழித்த முதல் காலை அவருடைய இருபத்துநான்காவது பிறந்தநாள். சொந்த ஊர் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ். அந்த ஊருக்கு அன்றும் இன்றும் பெயர் வாங்கித் தந்த பண்டத்தின் பெயரே ‘மிளகு அப்பம்’. கிராம்பும் பட்டையும் போட்டுச் செய்கிற ஒருவகை இனிப்பு ரொட்டி. கிழக்கிலிருந்து வந்த வாசனைச் சரக்குக்கெல்லாம் மிளகு என்றே அங்கே பொதுப்பெயர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, வயிற்று உபாதையோடு வளர்ந்த அந்தப் பையனின் மூக்குக்கு இந்தியா அவனைவிட முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்குக்குத் தம் குடியேற்றத்தில் உள்ளவர்களுக்கு வேதம் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சொந்த நாட்டில் ஆள் அகப்படவில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரத்தை மையமாகக் கொண்ட பக்தி இயக்கத்தாரிடமிருந்து இந்த இருவரை வரவழைத்தார்கள். குருப்பட்டத்துக்கு முன் நடந்த தேர்வில் கோபன்ஹேகன் பேராயர் இருவரையும் தேறவில்லை என்று ஒதுக்கிவிட்டார். அரசர் கட்டளையிட்டு மறுபடி தேர்வு வைக்க, அதில் தேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி, முதல் தேர்வில் தோற்றவர் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படிச் சில தேர்வுகளைப் பார்த்தவன்.

*

அவர்களைக் கரையில் யாரும் மாலையோடு வரவேற்கவில்லை. கப்பல் தலைவனுக்கும் அவர்களுக்கும் வழியிலேயே மனக்கசப்பு. இறங்கி வந்தால் இங்கே ஆளுநர் ஹாசியஸ். அரசரின் முத்திரைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கறுப்பு அங்கியோடு, வெகுநேரம் வெளியே காத்து நின்றார்கள். கடைசியில் வந்தவர், எதற்காக வந்தீர்கள், இங்கே உங்களுக்கு என்ன வேலை என்ற தோரணையில் பேசிவிட்டு, கடைத்தெருவரை கூட நடந்தார். பிறகு தம் வீட்டுக்குள் போய்விட்டார். இருட்டும் நேரம். தெரியாத ஊர். இருவரும் தெருவிலேயே நின்றார்கள். ஊரை நடத்திவந்த டேனிஷ் வணிகக் கம்பெனியின் சிப்பந்தி ஒருவருக்கு இரக்கம் வந்து தங்க இடம் ஏற்பாடு செய்தார்.

ராஜ வீதியில் சீயோன் ஆலயத்தைத் தாண்டும்போது இந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது அந்த ஆலயம். இவர்கள் வந்தபோது சுண்ணாம்பு காய்ந்து ஐந்து வருடந்தான் ஆகியிருக்கும். அதில் பாதிரிமார் இருந்தார்கள், ஞாயிறு வழிபாடு இருந்தது, மணி அடித்தது. அதே கிறிஸ்துவைக் கும்பிடுகிறவர்கள்தான் அந்த இருவரையும் தெருவில் விட்டார்கள்.

காரணம் புரியாததல்ல. கம்பெனி வியாபாரத்துக்கு வந்தது. உள்ளூர்க்காரர்களின் மதத்தில் கைவைத்தால் நெசவாளி கோபிப்பான், வணிகன் விலகுவான், தஞ்சை அரசர் முகம் சுளிப்பார். பிரசங்கம் கேட்டு அடிமைகள் தங்களுக்கும் ஆன்மா உண்டு என்று நினைக்கத் தொடங்கினால் அது இன்னொரு தலைவலி. அரசருக்கு பக்தி வந்திருக்கலாம், கணக்குப் புத்தகம் எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

வெளிநாட்டு மிஷன் என்றவுடன் புலியும் காய்ச்சலும் கல்லெறியும் நம் நினைவுக்கு வருகின்றன. தரங்கம்பாடியின் முதல் வாரங்களில் அந்த இருவருக்கும் வந்த துன்பத்தில் பெரும்பங்கு சொந்தக்காரர்களிடமிருந்தே வந்தது. தமிழர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு பறங்கிக்கும் இன்னொரு பறங்கிக்கும் என்ன வேற்றுமை? எல்லாரும் மாடு தின்கிறவர்கள், சாராயம் குடிக்கிறவர்கள், வாசலில் எச்சில் துப்புகிறவர்கள். நான் சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சீகன்பால்குவும் அவர் தோழரும் கேள்விகள் அனுப்ப, தமிழர்கள் எழுதிய பதில்கள் 99 கடிதங்களாக ஹாலேயில் அச்சேறின. கிறிஸ்தவர்களின் நடத்தையைப் பார்த்தபின் அவர்கள் மதத்தில் எங்களுக்கு என்ன மரியாதை வரும் என்ற கருத்து அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை ஒளிக்காமல் தம் நாட்டுக்கு அனுப்பி வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

*

பகல் உணவுக்கு ஒரு சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்தேன். சோறு, மீன் குழம்பு, புடலங்காய்க் கூட்டு, மோர். மின்விசிறி சுழன்றும் முதுகு நனைந்தது. கறுப்புக் கம்பளி அங்கியை மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது டம்ளர் மோர் கேட்டேன்.

முதல் வாரங்களில் அவர்களுடைய கவலை சோறோ வெயிலோ அல்ல. பேச்சு. இந்த ஊரில் வெள்ளைக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் பேசிக்கொள்ளப் பயன்பட்டது உடைந்த போர்த்துக்கீசியம். கம்பெனிக்காரர்கள் யாரும் மெனக்கெட்டுத் தமிழ் படித்ததில்லை. அவர்களுக்குத் துபாஷி போதும். துணியின் முழத்தையும் மிளகின் மணங்கையும் பேசத் துபாஷி போதுந்தான். ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவருக்கு அது போதாதென்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். புளூட்சோவுக்குப் போர்த்துக்கீசியம். சீகன்பால்குவுக்குத் தமிழ், அன்றைய ஐரோப்பியர் வாயில் அதன் பெயர் மலபார் மொழி.

அவருக்கு அகராதி கிடையாது, இலக்கணப் புத்தகம் கைவசம் இல்லை. அப்போது அவர் செய்த காரியம்தான் என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்தது. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார், எழுபதை நெருங்கிய கிழவர். உங்கள் பள்ளிக்கூடத்தை என் வீட்டில் வந்து நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாத்தியார் பிள்ளைகளோடு வந்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போட, பாதிரியார் அந்த வரிசையில் போய் உட்கார்ந்து தாமும் விரலை மணலில் வைத்தார்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர். எபிரெயமும் கிரேக்கமும் தெரிந்தவர். உலகத்துக்குப் போய்ப் போதியுங்கள் என்ற கட்டளையை நம்பிக் கடல் தாண்டியவர். அப்படிப்பட்டவர் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் முட்டி மடக்கி உட்கார்ந்து ‘அ’ போடுகிறார். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை. கோணலாகப் போட்டால் அந்தப் பிள்ளை சிரித்திருக்கும். சிரிக்காத பிள்ளையும் உண்டா? நம் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துத் தொடங்குவதே அரி வணக்கத்தோடுதான். அரிச்சுவடி என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். வணக்கம் எந்தச் சாமிக்கு என்று விசாரித்துவிட்டு உட்காரும் நிலையில் பாதிரியார் இல்லை.

அன்றைய தமிழ் எழுத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். வைத்தால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. வரி வரியாக எழுத்துகள் எறும்பு போல் போய்க்கொண்டேயிருக்கும். அதாவது, சொல் ஏற்கெனவே தெரிந்தவனால்தான் எழுத்தைப் படிக்க முடியும். பாதிரியாரோ எழுத்தைப் படித்துச் சொல்லைத் தெரிந்துகொள்ள வந்தவர். கிழவாத்தியாருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. ஆகவே பாதிரியாருக்கு எழுத்து வந்தது, வாசிக்கவும் வந்தது, பொருள் மட்டும் வரவில்லை. உதடு சரியாக அசையும், உள்ளே ஒன்றும் விளங்காது. ஜெபம் சில நாட்களில் எப்படி வெறும் உதட்டசைவாகப் போகும் என்பதை அறிந்தவருக்கு இந்த நிலை புதிதாகப் பட்டிருக்காது.

அப்புறம் அழகப்பன் கிடைத்தார். கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் தெரியும். வாத்தியார் கொடுத்த எழுத்துகளுக்குள் அழகப்பன் பொருளை ஊற்றினார். ஜெர்மானியர் தம் கடிதங்களில் அவரை ‘அலெப்பா’ என்று எழுதுகிறார்கள். மிஷன் வரலாறுகளில் பாதிரியாரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். அழகப்பன் அடிக்குறிப்பில் இருப்பார். அந்த எழுபது வயதுக்காரர் அடிக்குறிப்பில்கூட வெறும் வாத்தியார்தான். எனக்கென்னவோ தரங்கம்பாடி மிஷனின் முதல் ஆசிரியர்கள் என்று இந்த இருவரையும்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

*

வெயில் சாய்ந்து, மீனவர் சொன்ன கடல்காத்து வந்த பிறகு புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரித்ததும் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்தார்.

“எந்த ஊர் சார்?”

சொன்னேன்.

“செருப்பை இங்கயே விட்டுருங்க. உள்ள போய் முதல்ல பீடத்தைப் பாருங்க. அப்புறமா அய்யா கல்லறையப் பாக்கலாம்.”

அய்யா என்றுதான் சொன்னார். மூன்று நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன ஜெர்மானியரைத் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் போல.

முகப்பில் அரசர் பிரெடெரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. உள்ளே வெள்ளைச் சுவர், மர இருக்கைகள், வௌவால் வாடை லேசாக. பீடத்தருகே ஒரு பக்கம் சீகன்பால்குவும் மறுபக்கம் அவருக்குப் பின் வந்த தோழர் குருண்ட்லரும் அடங்கியிருக்கிறார்கள். ஆலயத்தைக் கட்டி நாலைந்து மாதத்துக்குள், 1719 பிப்ரவரி 23இல் சீகன்பால்கு இறந்தார். முப்பத்தாறு வயது.

இது அவர் கட்டிய இரண்டாவது ஆலயம். முதலாவது எளிமையானது. 1707 ஆகஸ்டில், இறங்கி ஓராண்டு முடிந்த சில வாரங்களில், தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் பிரசங்கம் செய்து அதைத் திறந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, மே 12இல், முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேர். ஐவரும் ஊரிலிருந்த ஐரோப்பிய எசமானர்களின் அடிமைகள். ஆளுநர் எதைக் கண்டு பயந்தாரோ அதுதான் முதலில் நடந்திருக்கிறது.

சாவிக்காரர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அவசரமில்லை என்று ஜாடை காட்டினார். நானும் உட்கார்ந்தேன். நான் இந்த மதத்தில் பிறந்தவனல்ல. ஆனாலும் ஞானஸ்நானத்துக்கும் ஆலயத்துக்கும் முன்னால் இருந்த அந்தச் சில மாதங்களின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சபை இல்லை, பிரசங்கம் கேட்க ஆளில்லை, இருந்தாலும் சொல்ல மொழியில்லை. அரசருக்கு எழுதி ஒரு பதில் வருவதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிடும். அந்த நாட்களில் அவர் கடவுளுக்குச் செய்த ஊழியம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: நாளைக்கு நேற்றைவிடப் பத்துச் சொல் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1708இல் தம் அன்றாட நடைமுறையை ஒரு கடிதத்தில் விவரிக்கிறார். விடிந்ததும் ஜெபம், வேதபோதனை. பிறகு ஒருமணி நேரம் பழைய சொற்களை உருப்போடுதல். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ் நூல் மட்டும். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஒரு எழுத்தர். புதிய சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்ள வேண்டும், புலவர் விளக்க வேண்டும். சாப்பிடும்போதும் யாராவது வாசிப்பார்கள். வெயில் நேரத்தில் சற்று ஓய்வு. மூன்றிலிருந்து ஐந்துவரை மறுபடி தமிழ். இரவு விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுவதால் அவர் படிப்பதில்லை; வேறொருவர் ஓலையை வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். தரங்கம்பாடியில் ஓலை வாசித்துக் கதை கேட்ட கிழவிகளும் அந்த நேரத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

இரண்டே வருடத்தில் இருபதாயிரம் சொற்களைத் திரட்டியிருந்தார். எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி ஓலைச்சுவடி வாங்கினார். 1708இல் அவர் போட்ட பட்டியலில் தமிழர்களின் நூல்கள் மட்டும் 119. அவற்றில் தொல்காப்பியமும் திருக்குறளும் உண்டு. அதே ஆண்டு உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். அந்தத் தேர்வைக் கவனித்தால் ஒன்று புலப்படும். முதல் இரண்டும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுகிற பாடங்கள். மணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என்ன படித்தானோ அதை இவரும் படித்து, தம் நாட்டார் படிக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்.

இதனால் அவரை முனிவராக்கிவிட வேண்டியதில்லை. இங்குள்ள மக்கள் இருட்டில் இருக்கிறார்கள், தாம் விளக்கோடு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஒருமுறை ஊர்ப்புறக் கோயில் ஒன்றில் மண்ணுருவங்களைத் தள்ளித் தலைகளை உடைத்துமிருக்கிறார். இவற்றுக்குச் சக்தி இல்லை பாருங்கள் என்று காட்டுவதற்காக. அங்கே வந்த உபாத்தியாயர் ஒருவர் கோபப்படாமல், இவை சாமிகளே அல்ல, சாமிக்குக் காவல் நிற்கும் வீரர்கள் என்று விளக்கியிருக்கிறார். உடைத்தது தவறு என்று அவருக்குத் தோன்றியதோ என்னவோ, உபாத்தியாயரின் பதிலை மறைக்காமல் தாமே எழுதிவைத்தார். அவருக்குள் இருந்த போதகரைவிட மாணவர் ஒரு படி நேர்மையானவர் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். சரியாக நூறு வருடம் முன்பு, 1606இல், மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, மரக்கறி உண்டு, தம்மைத் தத்துவ போதகராக மாற்றிக்கொண்டார். சீகன்பால்கு அங்கியை மாற்றவில்லை. மாறியது அவருடைய காது.

*

அடுத்த நாள் காலை கோட்டைக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாக் கூட்டம் ஒன்று உள்ளே கலகலத்துக்கொண்டிருந்தது. தடித்த சுவர், வளைவுக் கூரை, நிலவறைகள். 1708 நவம்பரில் ஹாசியஸ் சீகன்பால்குவை இந்தக் கோட்டையில்தான் அடைத்தார். ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டார் என்பது குற்றம். நான்கு மாதம் உள்ளே இருந்தார். அதற்குச் சற்று முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1711இல் அதை முடித்தார். பிறகு இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. ஹாலே எழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

விரலால் மணலில் எழுதப் பழகிய எழுத்தை ஒன்பது வருடத்தில் ஈயத்தில் வார்த்துவிட்டார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய தூரம்தான்.

ஆனால் ஈயத்தில் ஏறாத ஒன்றும் உண்டு. 1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தமிழர்களைக் கேட்டுக் கேட்டு, சிவன் விஷ்ணு முதல் ஐயனார், மாரி, கிராம தேவதைகள் ஈறாக வகைப்படுத்தியது. கையெழுத்துப் படியை ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அவருடைய குரு ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். மிஷனரிகளை அனுப்பியது அந்நிய மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் அதைப் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். 150 ஆண்டுக்கு மேல் அது பெட்டிக்குள் கிடந்தது. 1867இல் சென்னையில் அச்சேறியது. வந்த இடத்தில் கேட்டதை அவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். வீடு கதவைச் சாத்திக்கொண்டது. முதல் நாள் மாலை இந்த ஊர்க் கடைத்தெருவில் சாத்திய கதவுக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோட்டைக்கு வெளியே மணல் திட்டில் சுற்றுலாப் பிள்ளைகள் உட்கார்ந்து புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் சாப்பிடாமல் மணலில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தன் பெயரைக்கூட எழுதவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு. ஆசிரியை “கையக் கழுவுடா” என்று அதட்டினார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சோற்றில் வைத்தான்.

*

திரும்புகிற பேருந்தில் திருக்கடையூரில் ஒரு கூட்டம் ஏறியது. முந்தின நாள் அம்மாளைத் தேடினேன், அவர் இல்லை. வேறொரு தம்பதி. இருவர் கழுத்திலும் வாடின மாலை, நெற்றியில் கலைந்த குங்குமம். எமனையே காலால் உதைத்த சாமியின் ஊரில் ஆயுள் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். இங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் முப்பத்தாறு வயதில் அடங்கிப்போனவர் நினைவுக்கு வந்தார். பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் வலி போலிருக்கிறது, முழங்காலை நீவிக்கொண்டே கேட்டார்:

“தம்பி எங்கேருந்து வர்றீங்க?”

“தரங்கம்பாடிங்க.”

“என்ன வேலையாப் போனீங்க?”

நேற்று அந்த அம்மாளிடம் பாதிரியார் என்று சொல்லி முறுக்கு வாங்கியது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை வாயில் வேறு வந்தது.

“ஒரு பழைய பள்ளிக்கூடம் பாக்கப் போனேங்க.”

“வாத்தியாரா?”

“இல்லீங்க.”

“அப்ப, அங்க படிச்ச பிள்ளையா?”

அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் நடத்துனர் சீட்டுக் கேட்டு வந்துவிட்டார்.